பிடித்தம் என்னும் சொல்

தமிழ்ப்பள்ளியில் கட்டுரை எழுதப் பழகும் மாணவர்க்கு அளிக்கப்படும் தலைப்புகளுள் 'எனக்குப் பிடித்த விளையாட்டு', 'எனக்குப் பிடித்த ஆசிரியர்', 'எனக்குப் பிடித்த நூல்' போன்றவை தவறாமல் இடம்பெறும். எட்டு வயதுச் சிறுவனும் தயக்கமின்றி ஆளும் சொல் 'பிடித்த' என்பது. அதன் வேரோ கையோடு தொடர்புடையது. கத்திக்குப் பிடி உண்டு. அரிசியைப் பிடியால் அளப்பர். மீனை வலையால் பிடிப்பர். கையின் தொழிலைக் குறித்த சொல் உள்ளத்தின் விருப்பத்தைக் குறிக்க வந்தது எவ்வாறு? உழைப்பவர் ஊதியத்தில் கழிக்கப்படும் தொகைக்கும் 'பிடித்தம்' என்றே பெயர் வழங்குவது ஏன்? எளிய சொல் ஒன்றைப் பற்றிய இவ்வினாக்கள் தமிழ் இலக்கணத்தையும் தமிழர் வாழ்க்கை வரலாற்றையும் ஒருங்கே தொடுகின்றன.

பழந்தமிழில் விருப்பச் சொற்கள்

விருப்பத்தைக் குறிக்கும் சொற்கள் தமிழில் பல. அவற்றுள் சில இன்று முற்றிலும் வேறு பொருளில் வழங்குகின்றன. தொல்காப்பியர் உரியியலில் 'நம்பு', 'மேவு' ஆகிய இரண்டும் நசை என்னும் பொருளைத் தரும் என்கிறார். நசை என்பது விருப்பம். இன்று நம்புதல் என்றால் உண்மையென்று ஏற்றுக் கொள்ளுதல், ஒருவரைத் துணையாகக் கொள்ளுதல் என்றே பொருள் கொள்கிறோம். விரும்பிய ஒன்றின்மேல் உள்ளம் உறுதி கொள்வது இயல்பாதலின், விருப்பத்தைக் குறித்த சொல் உறுதிப்பாட்டைக் குறிப்பதாக நகர்ந்தது எனலாம்.

'வெம்மை' என்னும் சொல்லும் இத்தகையதே. சூட்டைக் குறிக்கும் அச்சொல் விருப்பத்தையும் குறிக்கும் என்பதை அதே உரியியல் உணர்த்துகிறது. சங்கப் பாடல்களில் விரும்பத்தக்கவள் 'வெய்யோள்' எனப்பட்டாள். 'உகப்பு' என்பதற்குத் தொல்காப்பியர் கூறும் பொருள் உயர்வு. ஆழ்வார்களின் பாசுரங்களில் அது மகிழ்ந்து விரும்புதல் என்னும் பொருளில் பயின்று வருகிறது. 'இறைவனுக்கு உகந்த மலர்' என்னும் இன்றைய தொடரில் இப்பிற்காலப் பொருளே நிலைத்துள்ளது. திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தின் நான்காம் குறளில் விருப்பு வெறுப்புகளை வேண்டுதல், வேண்டாமை என்னும் சொற்களால் சுட்டுகிறார். இன்று 'வேண்டுதல்' என்பது கோயிலில் வைக்கும் வேண்டுகோளையே பெரிதும் குறிக்கிறது.

வடமொழியிலிருந்து வந்த சொற்களும் உள. விரும்புதலைக் குறிக்கும் வடமொழி வேரினின்று பிறந்த 'இஷ்டம்', தமிழ் ஒலிமுறைக்கு ஏற்ப 'இட்டம்' ஆயிற்று. 'பிரிய' என்பது 'பிரியம்' ஆயிற்று. தெலுங்கில் இப்பிரியம் என்னும் சொல் விலையேற்றத்தையும் குறிக்கும். அன்புக்கு உரியதும் விலை மிகுந்ததும் ஒரே சொல்லால் குறிக்கப்படுதல் அங்கே காணப்படுகிறது.

இத்தனை சொற்கள் இருந்தும் பேச்சிலும் எழுத்திலும் இன்று முந்தி நிற்பது 'பிடித்தல்' என்னும் சொல்லே. சங்க நூல்களும் திருக்குறளும் விருப்பத்தைக் குறிக்கப் பிற சொற்களையே பெரிதும் எடுத்தாண்டன. ஆதலின் இச்சொல் அடைந்த வளர்ச்சி தனியே ஆராயத்தக்கது.

கையும் சொல்லும்

பிடித்தலின் அடிப்படைப் பொருள் கையால் இறுகக் கொள்ளுதல். இவ்வொரு பொருளிலிருந்து கிளைத்த வழக்குகள் மிகப் பல. அகப்படுத்துதலைக் குறித்துத் திருடனைப் பிடித்தல், மீன் பிடித்தல் என்பன தோன்றின. கையால் உருவாக்குதலைக் குறித்துக் கொழுக்கட்டை பிடித்தல் என்பது தோன்றியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்னும் பழமொழியில் உள்ளதும் இப்பொருளே. கைப்பிடித்தல் மணத்தைக் குறித்தது. கண்டுபிடித்தல் அறிவின் செயலைக் குறித்தது. புகைப்படக் கருவி வந்தபின் படம் பிடித்தலும் இவ்வரிசையில் சேர்ந்தது.

உறுதியாகப் பின்பற்றுதலைக் குறிக்கும் 'கடைப்பிடித்தல்' பழைமையானது. திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரத்தில், உண்ணும் முறை பற்றிய குறளில் அச்சொல் ஆளப்பட்டுள்ளது. கையை விட்டு நீங்கி மனத்தின் உறுதியைக் குறிக்கும் தகுதியை இச்சொல் அன்றே பெற்றிருந்தமைக்கு இது சான்று. கொள்கைப் பிடிப்பு, பிடிமானம், பிடிவாதம் ஆகியவை அவ்வழியில் பின்வந்தவை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்னும் பழமொழி, கையில் உள்ள பொருளின்மேல் கொண்ட பிடிப்பு அறிவை மறைக்கும் என்பதை எள்ளி உரைக்கிறது.

தமிழுக்கு உறவான மொழிகளிலும் இவ்வேர் பரவியுள்ளது. பர்ரோ, எமனோ ஆகிய இருவரும் தொகுத்துக் 1961-இல் முதற்பதிப்பாகவும் 1984-இல் திருந்திய பதிப்பாகவும் வெளிவந்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி இவ்வினச் சொற்களை ஒன்றுசேர்த்துக் காட்டுகிறது. தெலுங்கில் கைமுட்டி 'பிடிகிலி' எனப்படும். கன்னடத்தில் சொல்லின் முதலில் நின்ற பகரம் காலப்போக்கில் ஹகரமாகத் திரிந்தது. பால் ஹாலு என்றும், புலி ஹுலி என்றும், பல் ஹல்லு என்றும் ஆயின. அம்முறையே பிடி என்பது ஹிடி ஆயிற்று. மனத்துக்கு ஒத்துவருதலைக் கன்னடர் 'ஹிடிசு' என்னும் சொல்லால் குறிப்பர். மலையாளத்திலும் பிடித்தல் என்பது விருப்பத்தைக் குறிக்க வழங்குகிறது. ஆகவே, பற்றிக்கொள்ளுதலிலிருந்து விரும்புதலுக்குச் செல்லும் இப்பொருள் நகர்ச்சி தமிழில் மட்டும் தற்செயலாய் நிகழ்ந்ததன்று. தென்மொழிகளின் சிந்தனைப் போக்கில் அதற்கு இடமுண்டு.

முன்னோடியான பற்று

இந்நகர்ச்சிக்குத் தமிழிலேயே ஒரு முன்னோடிச் சொல் உண்டு. அது 'பற்று'. பற்றுதல் என்பதும் கையால் கொள்ளுதலே. அதிலிருந்து உள்ளம் ஒன்றன்மேல் கொள்ளும் ஈடுபாட்டுக்குப் பற்று என்று பெயர் வந்தது. திருக்குறளின் துறவு அதிகாரத்து இறுதிக் குறளாகிய 350-ஆம் குறளில் இச்சொல்லின் வடிவங்கள் ஆறு முறை வருகின்றன. உலகப் பொருள்கள்மேல் உள்ள பிடியை விடுவதற்கு, இறைவன்மேல் ஒரு பிடியைக் கொள்க என்பது அதன் கருத்து. கொள்ளுதல், விடுதல் என்னும் கையின் தொழில்கள் இரண்டும் அங்கே உள்ளத்தின் தொழில்களாக உயர்த்தப்பட்டுள்ளன. மொழிப்பற்று, நாட்டுப்பற்று என்று இன்று வழங்குவன அப்பழைய வேரின் கிளைகளே.

பற்று என்னும் சொல்லுக்குக் கணக்கு வழக்கிலும் ஒரு பொருள் உண்டு. கடைக்காரர் ஏட்டில் 'பற்று', 'வரவு' என இரு பகுதிகள் இருக்கும். ஒருவர் பெற்றுக்கொண்டதும் அதனால் அவர்பேரில் ஏறியதும் பற்று. அன்பைக் குறிக்கும் பற்றும் கடனைக் குறிக்கும் பற்றும் ஒரே சொல். பிடித்தம் என்னும் சொல்லிலும் இவ்விரு பொருள்களே இணைந்து நிற்கின்றன. விரும்பியதைக் கை விடாது. வரவேண்டியதையும் கை விடாது. கொண்டதை விடாமை என்னும் ஒரு கருத்தே இரண்டுக்கும் அடிப்படை.

எழுவாயைத் தேடும் வாக்கியம்

'பிடிக்கும்' என்னும் சொல்லில் இலக்கண மாணவர் கூர்ந்து நோக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 'கண்ணன் பந்தைப் பிடித்தான்' என்னும் வாக்கியத்தில் கண்ணன் எழுவாய், பந்து செயப்படுபொருள். 'கண்ணனுக்குப் பந்தாட்டம் பிடிக்கும்' என்னும்போது கண்ணன் நான்காம் வேற்றுமைக்கு ஒதுங்குகிறான். பந்தாட்டம் எழுவாய் ஆகிறது. பிடிப்பவன் பிடிக்கப்படுபவனாக மாறிவிடுகிறான்.

இம்மாற்றத்தை விளக்கும் பிற வழக்குகள் நாள்தோறும் செவியில் விழுபவை. துணியில் சாயம் பிடிக்கிறது. இரும்பில் துரு பிடிக்கிறது. கூரையில் தீப் பிடிக்கிறது. குழந்தைக்குச் சளி பிடிக்கிறது. ஒருவனுக்குப் பித்துப் பிடிக்கிறது. இவற்றிலெல்லாம் பிடிப்பது மனிதன் அல்லன். வெளியிலிருந்து ஒன்று வந்து பொருளையோ மனிதனையோ பற்றிக்கொண்டு நீங்காமல் நிற்கிறது. குழந்தைக்குச் சளி பிடிப்பதும், அக்குழந்தைக்கே ஒரு பாட்டுப் பிடிப்பதும் வாக்கிய அமைப்பில் ஒன்றே. சாயம் துணியில் ஒட்டிக்கொள்வது போலப் பாட்டு மனத்தில் ஒட்டிக்கொள்கிறது என்பது இதன் உட்பொருள்.

ஆயினும், உயர்திணைப் பெயர் வரும்போது வாக்கியம் வேறு வடிவம் கொள்கிறது. 'எனக்கு என் பாட்டியைப் பிடிக்கும்' என்பதே வழக்கு. இங்கே 'பாட்டியை' இரண்டாம் வேற்றுமை. 'எனக்கு' நான்காம் வேற்றுமை. எழுவாய் எதுவும் வெளிப்படையாய் இல்லை. பற்றிக்கொள்ளுதலைக் குறித்த பழைய பிடித்தலுக்குச் செயப்படுபொருள் உண்டு என்பதை இந்த ஐகாரம் இன்றும் நினைவூட்டுகிறது. வினைமுற்றோ எப்போதும் அஃறிணை ஒருமையிலேயே நிற்கும். நூறு பேரைக் குறித்தாலும் 'பிடிக்கும்', 'பிடித்தது', 'பிடிக்கவில்லை' என்றுதான் வரும். எனக்குத் தெரியும், எனக்குப் பசிக்கிறது, எனக்கு வேண்டும் ஆகிய தொடர்களும் இவ்வினத்தைச் சேர்ந்தவை. அறிதல், பசித்தல், விரும்புதல் ஆகியவற்றை மனிதன் செய்யும் செயல்களாக அன்றி அவனுக்கு நேரும் நிலைகளாகவும் கருதும் மரபு தமிழில் வேரூன்றியுள்ளது.

காலமும் இங்கே பொருளை வேறுபடுத்தும். 'எனக்கு மாம்பழம் பிடிக்கும்' என்பது நிலையான இயல்பு. 'இந்த மாம்பழம் பிடித்திருக்கிறது' என்பது சுவைத்தபின் எழும் தீர்ப்பு. பெண் பார்க்கச் சென்ற வீட்டில் 'பிடித்திருக்கிறதா?' என்று கேட்பதன்றிப் 'பிடிக்குமா?' என்று எவரும் கேட்பதில்லை. இந்நுட்பம் எந்த நூலிலும் கற்பிக்கப்படாமலே தமிழ்க் குழந்தைக்குக் கைவருகிறது.

பிறமொழிகளின் வழி

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழ் மாணவர் வேறு இரு மொழிகளையும் அன்றாடம் கேட்கின்றனர். மலாய் மொழியில் விருப்பத்தைக் குறிக்கும் 'சுக்கா' என்னும் சொல் வடமொழியின் சுகம் என்பதிலிருந்து பிறந்தது. தமிழர் நலம் கேட்கும்போது 'சுகமா?' என்கின்றனர், மலாய்க்காரர் விருப்பம் கேட்கும்போது 'சுக்கா?' என்கின்றனர். ஒரே மூலத்தினின்று ஒரு மொழி உடல்நலத்தையும், மற்றொரு மொழி உள்ளத்தின் விருப்பத்தையும் எடுத்துக்கொண்டன.

ஆங்கிலத்தின் 'ஃபேவரிட்' என்னும் சொல்லின் வரலாறு முற்றிலும் வேறானது. அருள்புரிதலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து கிளைத்து, இத்தாலிய மொழி வழியாகவும் பிரெஞ்சு மொழி வழியாகவும் 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது ஆங்கிலத்தை அடைந்தது. அரசனின் தனித்த தயவைப் பெற்றவன் அச்சொல்லால் குறிக்கப்பட்டான். முதலாம் ஜேம்ஸ் மன்னனின் தயவால் பக்கிங்ஹாம் கோமகன் ஆகி, 1628-இல் கொலையுண்ட ஜார்ஜ் வில்லியர்ஸ் அத்தகையவருள் பெயர்பெற்றவர். பின்னர்க் குதிரைப் பந்தயத்தில் வெல்லும் என்று பலரும் எதிர்பார்க்கும் குதிரைக்கும் அப்பெயர் வந்தது. உயர்ந்த இடத்தில் இருப்பவன் கீழே உள்ளவன்மேல் தன் தயவைச் சொரிதல் அச்சொல்லின் உட்கருத்து. தமிழ்ச் சொல்லில் அத்தகைய மேல் கீழ் இல்லை. அரசனையும் ஏழையையும் பாட்டு ஒரே விதமாகத்தான் பிடிக்கும்.

தோட்டத்தில் பிடித்தம்

மலாயாவுக்கு வந்த தமிழர் வாழ்க்கையில் பிடித்தல் என்னும் சொல் இனிய பொருளில் மட்டும் வழங்கவில்லை. கரும்பு, காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் ரப்பர்த் தோட்டங்களுக்கும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து ஆள் திரட்டப்பட்டது. ஆள் சேர்ப்பதை மக்கள் 'ஆள் பிடித்தல்' என்றே கூறினர். ஒப்பந்தக் கூலி முறையில் வந்தவரின் கப்பல் செலவும் முன்பணமும் அவர் உழைத்த கூலியிலிருந்து கழிக்கப்பட்டன. அம்முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. கங்காணி வழியாக ஆள் சேர்க்கும் முறை அதற்குப் பின்னும் நீடித்தது. 1938-இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர் உதவி பெற்று மலாயாவுக்குச் செல்வதைத் தடை செய்தபோது அதுவும் முடிவுக்கு வந்தது.

ஆள் பிடித்தலின் கொடிய பொருளை ஜப்பானியர் ஆட்சி காட்டியது. 1942, 1943 ஆகிய ஆண்டுகளில் சயாமையும் பர்மாவையும் இணைக்கும் இருப்புப்பாதை அமைக்கும் வேலைக்காகத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டு செல்லப்பட்டனர். நோயாலும் பட்டினியாலும் மாண்டு மீளாதவர் அவருள் மிகப் பலர். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' என்னும் நாவல் அத்துயரத்தைப் பொருளாகக் கொண்டது. அக்காலத்தைக் கடந்து வந்தவர்க்குப் 'பிடித்துப் போனார்கள்' என்னும் சொல் பிரிவையும் சாவையும் நினைவூட்டுவதாயிற்று.

ஊதியத்தில் கழிக்கப்படும் தொகைக்குப் பிடித்தம் என்னும் பெயர் போருக்குப் பின்னும் நிலைத்தது. ஆனால், அதன் பயன் மாறியது. மலாயாவில் 1951-இல் ஊழியர் சேமநிதி நிறுவப்பட்டது. சிங்கப்பூரில் 1955-இல் மத்திய சேமநிதி செயற்படத் தொடங்கியது. தொழிலாளியின் ஊதியத்தில் பிடித்த பணத்தோடு முதலாளியும் தம் பங்கைச் சேர்த்துச் செலுத்த, அது முதுமைக்கால வைப்பாக வளர்ந்தது. ஒரு காலத்தில் கடனுக்காகப் பிடித்த தொகை, மற்றொரு காலத்தில் தொழிலாளியின் சொந்தச் சேமிப்பாயிற்று. சொல் ஒன்றே, அதைப் பிடித்திருந்த கை மாறியது.

இதே மக்கள் நாற்று வேர் பிடிக்கும் என்றும் கூறினர். பிடுங்கி நட்ட நாற்றுக்குப் புதிய மண்ணில் வேர் இறங்குதலே பிழைத்தலின் அடையாளம். பிடித்து வரப்பட்டவரின் வழித்தோன்றல்கள் இம்மண்ணில் பள்ளிகளையும் கோயில்களையும் சங்கங்களையும் அமைத்து வேர் பிடித்தனர். தம் பிள்ளைகளுக்குப் 'பிடித்தது' எதுவெனக் கேட்டுச் செய்யும் நிலைக்கு உயர்ந்தனர். அகப்படுத்துதல், கழித்தல், வேரூன்றல், விரும்புதல் ஆகிய நான்கு பொருள்களும் ஒரு சமூகத்தின் நூறாண்டு வாழ்வில் அடுத்தடுத்து அமைந்துள்ளன.

வகுப்பறையில் செய்யத்தக்கது

பிடிக்கும் என்பது பேச்சுவழக்கென்றும், விரும்புகிறேன் என்பதே எழுத்துவழக்கென்றும் கருதுவோர் உண்டு. அக்கருத்து பொருந்தாது. இரண்டும் செந்தமிழ்ச் சொற்களே; இரண்டின் பொருளும் முற்றும் ஒன்றன்று. விரும்புதலில் மனிதன் எழுவாய். அவன் தேர்ந்து நாடுகிறான். மருத்துவராக விரும்புகிறேன் என்று எழுதும் மாணவன் தன் முயற்சியைச் சொல்கிறான். அவ்விடத்தில் பிடிக்கும் என்பது அமையாது. பாட்டியின் கதைகள் எனக்குப் பிடிக்கும் என்று எழுதும் மாணவனோ, தான் முயலாமலே தன்னைப் பற்றிக்கொண்ட ஒன்றைச் சொல்கிறான். அதனை 'நான் பாட்டியின் கதைகளை விரும்புகிறேன்' என்று ஆசிரியர் திருத்தினால், வாக்கியத்தில் பிழை நீங்குவதில்லை. பொருளில் ஒரு பகுதி நீங்குகிறது. ஆங்கில வாக்கியத்தின் அமைப்பு தமிழில் புகுவதற்கும் அத்திருத்தம் வழி திறந்துவிடும்.

ஆதலின், 'எனக்குப் பிடித்த நூல்' என்று தலைப்புக் கொடுக்கும் ஆசிரியர், அந்நூலின் பெயரையும் அதை எழுதியவர் பெயரையும் பெறுவதோடு அமைதல் கூடாது. அந்நூலில் எந்தப் பகுதி மனத்தில் ஒட்டிக்கொண்டது, படித்து முடித்த பின்னும் எது விடாமல் உடன் வருகிறது என்று எழுதச் செய்தல் வேண்டும். அத்தகைய விடையைத் தருவதற்கே அச்சொல் அமைந்துள்ளது. மூத்தோரிடம் சென்று, இச்சொல்லை அவர்கள் எவ்வெப் பொருளில் கேட்டனர் என்று வினவி எழுதிவருமாறு உயர்வகுப்பு மாணவரைப் பணிக்கலாம். தோட்டத்து ஊதியச் சீட்டும், வேர் பிடித்த நாற்றும், ஆள் பிடித்த காலமும் அவர்களின் ஏட்டில் இடம்பெறும். அகராதியில் ஒரு பக்கத்தில் அடங்கும் சொல்லின் பின்னே தம் முன்னோரின் வாழ்வு நிற்பதை அறியும் மாணவர்க்குத் தமிழ் பாடமாக மட்டும் இராது. அது அவர்களுக்குப் பிடித்துவிடும்.